பாட்டு ஏத்தின கேஸ்

கொலை இல்லை, களவு இல்லை, பெண் விவகாரமும் இல்லை. ஊராருக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்ததற்காக அய்யப்பனை ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். பாட்டுக் கம்பெனி சென்னையிலிருந்து ஆள் அனுப்பி, போலீஸோடு வந்து, திறந்தும் திறக்காததுமாய்க் கடைக்குள் நுழைந்துவிட்டதாம். தண்ணீர்க் குழாயில் குடத்தோடு நின்ற நாகஜோதிக்குச் சேதி வந்தபோது, புருஷனை ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே போட்டால் மாசக் கணக்கில் வெளியே வர முடியாது என்று வேறு யாரோ சொன்னார்கள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

நரிக்குடி ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிறது அந்தச் செல்போன் கடை. ஆடு மேய்ப்பவர் தோளில் தொங்கும் பாட்டுப் பெட்டி, உழவுக்குப் போகும் டிராக்டர், கோயில் பொங்கல் மைக்செட் எல்லாவற்றுக்கும் அய்யப்பன் கையால்தான் பாட்டு போகும். டவர் எட்டாத காட்டில் பொழுதுக்கும் வெயிலில் நிற்கிறவனுக்கு ஒரு பாட்டை விட்டால் வேறு என்ன துணை இருக்கிறது? ஏசி அறையில் உட்கார்ந்து கேஸ் எழுதுகிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது.

நாகஜோதி நேரே இருளப்பசாமியிடம் போனாள். அய்யப்பனுக்குச் சித்தப்பா. கரிமூட்டம் போடுகிறவர்.

"அழுதுக்கிட்டு நிக்காத தாயி. கருவேல மரக் கேஸு மறந்துபோச்சா ஒனக்கு?" என்றார்.

யாருக்கு மறக்கும்? கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்டினான் என்று முன்பு ஒருவனை அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். ஊரே திரண்டு போய், "நானும் வெட்டுனேன், நானும் வெட்டுனேன்" என்று ஆளாளுக்கு அரிவாளை அவர்கள் முன்னால் போட்டது. அத்தனை பேரை ஏற்ற வண்டிக்கு எங்கே போவார்கள்? நாலு வசவு வைதுவிட்டு அவனையும் அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் சட்டத்தை மடக்கும் வித்தை தங்களுக்குத் தெரியும் என்று இந்த ஊருக்கு ஒரு நினைப்பு.

நாகஜோதி தெருத்தெருவாய்ப் போனாள். "அவுக ஏத்திக் குடுத்த கார்டு இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க" என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிய வெள்ளைத்தாய் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். ஆட்டைப் பட்டியிலேயே அடைத்துவிட்டு வந்தார்கள். டிராக்டர் கொள்ளாத கூட்டம். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஏட்டு ரத்தினம் மறித்தார். "கையில என்னத்த வச்சிருந்தாலும் வீட்ல போட்டுட்டு வாங்க. போங்க, போங்க." பிறகு நாகஜோதியை முறைத்தார். "சொன்னா கேளும்மா. இவுகளக் கூட்டிட்டுப் போ மொதல்ல."

"மெரட்டுற வேலையெல்லாம் வேண்டாம் ஏட்டையா" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

கம்பெனிக்காரர் மரியாதையான ஆள். பெண்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். வெள்ளைத்தாய் உட்காராமலே கேட்டாள். "நாங்க ஒரு பாட்டு எடுத்தா ஒங்ககிட்ட ஒண்ணு கொறஞ்சா போச்சு? நெல்லா, புல்லா?"

"குறையாதும்மா. ஆனா அது எங்க பொருள்."

"அப்ப எங்களையும் சேத்துப் பிடிங்க. நானும்தான் கேட்டேன்." கார்டை மேஜையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருளப்பசாமி வைத்தார். பிறகு வரிசையாய் எல்லோரும்.

கம்பெனிக்காரர் ஒரு கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டார். "வணக்கம். அய்யப்பன் செல் பாயிண்ட், நரிக்குடி ரோட்டு விலக்கு" என்று அய்யப்பனே பேசினான். அதன் பிறகுதான் பாட்டு. கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று எல்லாக் கார்டிலும் முதலில் தன் குரலை ஏற்றியிருந்தான். கூட்டம் சிரித்தது. அடுத்த கார்டிலும் அதே குரல், அதற்கடுத்ததிலும். இன்ன கார்டு இன்னாருடையது, இந்தக் கடையில் ஏற்றியது என்று போலீஸ்காரர் எழுதி நீட்டிய காகிதத்தில் ஆளாளுக்கு முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே பெஞ்சில் இருந்த அய்யப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். நாகஜோதி அதைப் பார்த்தாள். ஏன் என்றுதான் விளங்கவில்லை.

கூட்டம் வெளியேறிய பிறகு ஏட்டு அவளை ஓரமாய்க் கூப்பிட்டார்.

"கடையில ஒண்ணுமே சிக்கலம்மா. பாட்டு இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு அருப்புக்கோட்டை போயிருக்காம். வெறும் வயருதான் கெடந்துச்சு. எழுதி வாங்கிட்டு மத்தியானம் அனுப்பிருப்பாக. அதுக்குத்தான வாசல்ல நின்னு அந்தக் கத்துக் கத்துனேன். சாட்சியவும் சாமானையும் நீயே கொண்டாந்து குடுத்துட்டியே. இனி ரிமாண்டுதான்."

தன் வாயால் தெருத்தெருவாய்ச் சொன்னதை நினைக்க, நாகஜோதிக்கு அந்த வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அய்யப்பனை வண்டியில் ஏற்றினார்கள். கம்பிக்குள்ளிருந்து, "யாரு ஊரக் கூட்டியாந்தது?" என்று கேட்டான்.

"நாந்தான்."

அவன் வையவில்லை. வைதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பசியோட நிக்காத. வீட்டுக்குப் போ" என்றான். வண்டி நகர்ந்தது.

திரும்பி வரும் டிராக்டரில் ஒரே பேச்சும் சிரிப்புமாய் இருந்தது. "பாத்தியா தாயி, அம்புட்டுக் கார்டையும் கண்டதும் அரண்டுட்டாக. நாளைக்கு விட்ருவாக பாரு" என்றார் இருளப்பசாமி. "இல்லேன்னா கோர்ட்டுக்கும் வாரோம். வீட்ல இன்னும் கார்டு கெடக்கு, தேடி எடுத்தாரேன்."

அவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்தில் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்த வெள்ளைத்தாய் அவள் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் இவர்கள் முகம் செத்துப்போகும். அதற்குப் பிறகு யாருக்கு என்ன நடந்தாலும் இந்த ஊர் வீட்டை விட்டு இறங்காது.

"வாங்க மாமா" என்றாள். "கார்டு மட்டும் வேண்டாம். வெறுங்கையோட வாங்க."