காலியாக விட்ட கடைசி வரி

1.
இந்தக் கதையை நானாக எழுதவில்லை. ஏஞ்சலின் கேட்டுக்கொண்டாள். 'புளியங்கொட்டை' என்கிற எங்கள் ஊர் ராக் குழுவுக்குப் பாட்டெழுதுபவள் அவள். கிடார் வாசித்துப் பாடுபவன் அமலன். கதையைப் படித்து அவனுக்குப் புத்தி வர வேண்டும், ஆனால் நேராகச் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் நிபந்தனை. எழுத்தாளனுக்கு இதைவிடக் கேவலமான வேலை கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

2.
திண்டுக்கல் மலைக்கோட்டையின் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல...

(வேண்டாம். அமலன் அடுத்த வரிக்குள் போனை எடுத்துவிடுவான்.)

அவர்கள் பாட்டெழுதும் முறை இது: எல்லா வரிகளும் அவளுடையவை, கடைசி வரி மட்டும் அவன் எழுத வேண்டும். முதல் பாட்டிலிருந்தே அப்படித்தான். புதுப் பாட்டை அவள் இப்படிக் கொடுத்தாள்:

வடமதுரை வண்டி கெளம்பியாச்சு
சன்னலோரம் நானு
எறங்கவா, இருக்கவா, சொல்லுடா

அதன் கீழே வழக்கம்போல ஒரு வரிக்கு இடம்.*

* அவளுக்கு வடமதுரையில் மாப்பிள்ளை பேசிவிட்டார்கள். வரும் ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை. அமலனுக்கும் இது தெரியும்.

3.
இங்கே பேராசிரியர் சுருளிவேல் வருகிறார். ராக் பாடல்களுக்குப் பொருள் சொல்பவர். நம்ப முடியாத பாத்திரமாகத் தெரியலாம். உண்மையில் நான் குறைத்துத்தான் எழுதுகிறேன். ஒத்திகைக்கு வந்தவர் தாளைப் பார்த்துக் கண் கலங்கினார். வண்டி என்பது உலகமயமாக்கல். சன்னல் நடுத்தர வர்க்கம். வடமதுரையில் இருக்கும் 'வட' தலைநகரின் அதிகாரம். காலி வரியோ மனிதகுலத்தின் மாபெரும் மௌனம்.

"தம்பி, இந்த எடத்துல ஒரு எழுத்து எழுதுனாலும் பாட்டு செத்துரும்" என்றார்.

அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் அமலன் பாடாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடாரில் ஓர் இழுப்பு இழுக்கிறான். ஓரத்தில் நின்று ஏஞ்சலின் அழுகிறாள். அதையும் சுருளிவேல் கட்டுரையில் சேர்த்துவிட்டார்: 'கேட்பவரின் விடுதலை'.

4.
"நேரா கேட்டுற வேண்டியதுதானம்மா?" என்று ஏஞ்சலினிடம் கேட்டேன்.

"கேட்டாச்சுல்லண்ணே! பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஸ்பீக்கர் வச்சுக் கேட்டாச்சு. இன்னும் எப்பிடிண்ணே கேக்க?"

அமலனிடமும் பேசிப் பார்த்தேன்.

"ஒரு வரி எழுதி வச்சுருந்தேண்ணே. சுருளிவேல் சாரு சொன்னதும் கிழிச்சுப் போட்டுட்டேன். அம்புட்டு அழகா இருக்கதை நான் போயி கெடுக்கவா?"

என்ன வரி என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டீயை

(இந்த வாக்கியத்தை முடித்தால் என் மேல் வழக்கு வரும்.)

5.
முடிவு ஒன்று: மாதா கோவிலில் ஓலை வாசித்து, "தடை இருந்தால் தெரிவிக்கவும்" என்கிறார் சாமியார். பின்வரிசையில் அமலன் எழுந்து...

(சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவள் வடமதுரைக்குப் போகிறாள். பாட்டு பிரபலமாகிறது. சுருளிவேல் இரண்டாம் கட்டுரை எழுதுகிறார்.

(நடக்கப்போவது இதுதான் என்று தோன்றுகிறது.)

6.
ஏஞ்சலின், நேராகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மன்னித்துவிடு.

சுருளிவேல் சார், கீழே இருப்பது மௌனம் இல்லை, இடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அமலா, கிடாரைக் கீழே வை. கிழித்துப் போட்ட வரி உனக்கு ஞாபகம் இருக்கும். இன்று சனிக்கிழமை.

7.
எறங்கவா, இருக்கவா, சொல்லுடா

..............................................