ஏழாம் நம்பர் வீட்டுப் பூட்டு

சகாயம் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் ராதிகா முதல் தடவையாக அந்த லைன் வீடுகளைப் போட்டோ எடுத்தாள். ஜனவரி பன்னிரண்டு, காலை ஆறே முக்கால். நாலாம் நம்பர் வீட்டுக்கு எதிரே இருக்கும் குழாயடியில் ஒரு கருங்கல் கிடக்கும். அதன் மேல் ஏறி, பத்து வீடும் ஒன்றாக விழும்படி போனை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்தாள். அப்புறம் அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டு மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தாள். மூன்றாம் நம்பர் பார்வதம்மாவின் மகள். கைக்குழந்தையிலிருந்து பார்த்த பெண். ஆனாலும் சகாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயடியிலிருந்து சாய்வாகப் பார்த்தால், திறந்திருந்த அவர் வீட்டு வாசல் வழியாக, யாரும் பார்க்கக் கூடாத ஒன்று தெரியும்.

அது பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் ஒரு திறப்பு. ஆள் குனியாமல் போய்வரலாம். ஏழாம் நம்பர் வீடு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பாவின் பெயரில் கம்பெனி கொடுத்தது. எட்டாம் நம்பர் ஆபிரகாமுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆபிரகாம் குடும்பத்தோடு ஓசூருக்குப் போனபோது, வாசலைப் பூட்டி, சாவியை சகாயத்தின் கையில் கொடுத்து, "பாத்துக்கப்பா" என்றார். சகாயம் நன்றாகவே பார்த்துக்கொண்டார். மகள் எலைனின் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைப் படுக்க வைக்க இடமில்லாமல் நடுச்சுவரை இடித்தார். கல்யாணம் முடிந்தது, பெண் வேலூருக்குப் போனாள், சுவர் மட்டும் இடித்தபடியே நின்றது. இசபெல்லா தன் தையல் மெஷினை அந்தப் பக்கம் நகர்த்தினாள். எட்டின் வாசலில் ஆபிரகாம் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான், பக்கத்து வீட்டில் புகுந்தவனுக்கு இரண்டும் போகும் என்று லைனில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சகாயமும் தலையாட்டுவார்.

மறுநாளும் அதே நேரம், அதே கல், அதே பெண். அவள் தலை தெரிந்ததுமே சகாயம் வெளியே வந்து கதவைப் பூட்டினார். மூன்றாம் நாள் பூட்டிவிட்டு, பொறுக்க முடியாமல் குழாயடிக்கே போனார்.

"இன்னா ராதிகா, தெனம் இன்னாத்த எடுக்கற?"

"சேலஞ்ச் அங்கிள். ஒரு வருஷம், ஒரு நாளைக்கு ஒரு போட்டோ. மொத பத்து பதினோரு நாள் பூன, டீ கப்புனு எதெதோ எடுத்தேன், போர் அடிச்சிடுச்சி. அதான் இனிமே ஒரே எடம், ஒரே டைம்னு வச்சிகினேன்."

"யாரு சேலஞ்ச் உட்டாங்க?"

"யாரும் இல்ல, ஆபீஸ்ல நாங்களே சும்மா பண்றோம்."

"ஜெயிச்சா இன்னா தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்க அங்கிள்" என்று சிரித்தாள்.

அந்தப் பதிலில்தான் சகாயத்துக்கு எல்லாம் உறுதியாயிற்று. ஒரு பிரயோஜனமும் இல்லாமல் ஒரு மனுஷி வருஷம் முழுக்க ஒரு வேலையைச் செய்வாளா? அதுவும் ஒரே இடத்தை? கல்யாணத்தில் ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்தாலே போட்டோக்காரனைத் திட்டுகிற ஊர் இது. சுரங்கக் கம்பெனி ஆபீஸில் யாரோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளியாள் வந்தால் லைன் விழித்துக்கொள்ளும் என்று லைனுக்குள்ளேயே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார்கள். மறுவாரம் அந்தக் கருங்கல்லின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. கால் வைக்கும் இடம் தினமும் மாறாமல் இருக்கப் போட்டதாக அவள் சொன்னாள். சர்வே கல்லில் போடுகிற குறி எப்படி இருக்கும் என்று சகாயத்துக்குத் தெரியாதா? மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் செங்கல் துண்டால் தேய்த்து அழித்தார். இரண்டு நாளில் மறுபடியும் போட்டுவிட்டாள், இந்தத் தடவை இன்னும் பெரிதாக.

சந்தேகப்படுவது அவருக்குப் பிறவிக்குணம் இல்லை. பன்னிரண்டு வருஷம் அண்டர்கிரவுண்டில் இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்தால், வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும்போதே ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பான், இன்னொருவன் இடுப்பைத் தடவுவான். சோற்றுப் பருக்கையைத் தவிர அவர் எதையும் மேலே கொண்டுவந்ததில்லை. ஆனாலும் தினமும் அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே வருகிறவன் போகிறவனை எல்லாம் சந்தேகப்படுவதே வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அதையும் விட்டு வீட்டோடு வந்துவிட்டார். குடும்பம் இசபெல்லாவின் மெஷினில் ஓட, அவருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். லைனில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கணக்கெடுக்கவோ அளக்கவோ ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள் என்றால், உள்தாழ்ப்பாள் போட மாட்டார்கள். தாழ்ப்பாள் போட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டிக்கொண்டே இருப்பான். வெளியே பூட்டைத் தொங்கவிட்டுப் பின்பக்கமாக வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், வந்தவன் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவான். அவருடைய அப்பா செய்ததுதான், லைனில் செய்யாதவர் யாரும் இல்லை. அதையே சகாயம் தினப்படி வேலையாக்கிக்கொண்டார். ஆறரைக்கு முன்வாசலைப் பூட்டுவார். பின்பக்கம் சுற்றி உள்ளே வந்து, ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். ராதிகா எடுத்து முடித்து, வளைவு திரும்பி, சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சைனைட் மேட்டுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் திறப்பார். யாராவது கேட்டால், காலையில் மேட்டிலிருந்து தூசு பறக்கிறது என்பார். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. மே மாதம் காய்ச்சலில் படுத்த மூன்று நாள், இசபெல்லாவைப் பூட்டச் சொல்லிப் படுக்கையிலிருந்தே கத்தினார்.

இசபெல்லாவுக்குத்தான் கஷ்டம். விடிகாலையில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ஜாக்கெட் வேலை ஓடும். சரியாக ஆறரைக்கு அவர் திறப்பில் வந்து நின்று கையை உயர்த்துவார். பூட்டின வீட்டில் மெஷின் சத்தம் கேட்கக் கூடாதே. அவள் காலை பெடலிலிருந்து எடுத்துவிட்டு, துணி ஊசியில் மாட்டினபடி, இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். முதலில் சண்டை போட்டாள், அப்புறம் ஜெபமாலை உருட்டினாள், பிறகு அதையும் விட்டுவிட்டு வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு நம்மள இன்னாங்க பண்ணப் போறா?" என்று ஒருநாள் கேட்டாள். "ஒனுக்குத் தெரியாது, நீ சும்மா இரு" என்று அவர் அடக்கிவிட்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் நிஜமாகவே நோட்டீஸ் வந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறது. குடியிருக்கிறவர்கள் அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். சகாயத்துக்குப் பயத்தோடு கூட ஒரு திருப்தியும் இருந்தது. எனக்கு அப்போதே தெரியும் என்கிற முகத்தோடு இரண்டு நாள் லைனில் நடமாடினார். மூன்றாம் நாள் சாயந்திரம், லைன் சங்கத்து மனோகர் ஒரு கவரோடு வந்தான்.

"நம்ப ராதிகாதான் பெரிய ஒதவி பண்ணிகீது அண்ணே. முந்நூத்தி முப்பது போட்டோ, தேதியோட. எந்த வீட்ல ஆள் கீது, எந்த வீட்ல இல்லனு பாத்தாலே தெரியுது. சாம்பிள் காட்டுனேன், ஆபீசர் ஒத்துகினார். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றார், ராதிகா போனை என்னாண்ட குடுத்துட்டுதான் வேலைக்குப் போவும். போன்ல கீற ஒரிஜினலத்தான் பாப்பாராம், வெட்டுனது ஒட்டுனது எதுவும் செல்லாதாம்."

கவரிலிருந்து படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினான். பிப்ரவரியில் பார்வதம்மா கோலம் போடுகிறாள். ஏப்ரலில் ஐந்தாம் நம்பர் வாசலில் பாய் காய்கிறது. மழை நாளில் ஒன்பதாம் நம்பர்க்காரன் குடையோடு வாளி தூக்குகிறான். ஏதோ ஒரு வீட்டில் பந்தல், ஏதோ ஒரு வீட்டில் சைக்கிள், துணி, கோழி, சண்டை. நடுவில் ஏழும் எட்டும் மட்டும் பரப்பிய எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு கதவு, இரண்டு பூட்டு.

மனோகர் குரலைத் தாழ்த்தினான். "அதான் கேக்கறேன். ஆபீசர் ஏழையும் எட்டையும் ஒண்ணா வட்டம் போட்டு வச்சிகீறார். நா எவ்ளோ சொன்னாலும், ஆளு இருந்தா ஒரு நாளாச்சும் கதவு தெறந்திருக்காதான்றார். ஒன் ஆதார் காட்டலாம்னா அதுல பெங்களூர் அட்ரஸ் கீது. கரண்ட் பில்லு இன்னும் ஒங்கப்பா பேர்ல கீது. ஏண்ணே, இன்னாத்துக்குத் தெனம் பூட்டன?"

சகாயம் ஒவ்வொரு படமாக எடுத்து அந்தப் பூட்டைப் பார்த்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அவரே ஒவ்வொரு நாளாக, தேதி போட்டு, தன்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

ராதிகா வேலை முடிந்து வரும் வரை அவர் குழாயடியிலேயே நின்றார். கல்லின் மேல் இருந்த வெள்ளைக் குறியை மிதிக்காமல் தள்ளி நின்றார். அவள் வந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டார். "எங்கூட்டு கதவு தெறந்த மாதிரி ஒண்ணாச்சும் கீதாம்மா?"

அவளை வீட்டுக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். திறப்பில் இசபெல்லா ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள். ராதிகா அந்தப் புடவையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதுவும் கேட்காததே சகாயத்துக்கு மறுபடி சந்தேகத்தைக் கிளப்பியது. தெரிந்துதான் வைத்திருக்கிறாளோ? அவள் விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நவம்பர், செப்டம்பர், ஜூன். பூட்டு, பூட்டு, பூட்டு. ஜனவரியின் கடைசி வரைக்கும், நடு வரைக்கும் போய், ஒரு இடத்தில் நின்றாள்.

"அங்கிள், மொத நாளு. பன்னெண்டாம் தேதி."

கதவு விரியத் திறந்திருந்தது. வாயில் பிரஷோடு, பனியனோடு, முறைத்தபடி அவர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கவாட்டில் வாசல் வழியாக உள்சுவர் தெரிந்தது. ராதிகா விரல்களால் பெரிதாக்கினாள். சுவரில் திறப்பு. திறப்புக்கு அந்தப் பக்கம் எட்டாம் நம்பர் வீட்டின் பின்கதவு வழியாகக் காலை வெளிச்சம் விழுந்து, அதில் மெஷினின் மேல் குனிந்து, இசபெல்லா. அவள் கையில் இருந்த துணியின் சிவப்புக்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு படம்தான் இருந்தது. சுவரை இடித்ததைச் சொல்லவும் அதுதான் இருந்தது.

"ஆபீசரு இவ்ளோ பெருசாக்கிப் பாப்பாரா?" என்றார் சகாயம்.

"எனக்குத் தெரியல அங்கிள். வேணாம்னா இத்த அழிச்சிடறேன். ஒரு நாள் மிஸ்ஸானா ஒண்ணும் இல்ல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சேலஞ்ச்தானே."

அழிக்கச் சொல்வதா, காட்டச் சொல்வதா? அழித்துவிட்டு, அழித்த கதையை அவள் யாரிடமாவது சொன்னால்? அவர் அவள் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தார். இசபெல்லா அதற்குள் போனை வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை முகத்துக்கு வெகு பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இத்தனை வருஷமாக 'இன்னாங்க' என்று கூப்பிட்டவள், திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"முந்நூத்தி முப்பதுல இந்த ஒண்ணுலதான் நா கீறேன். மிச்ச வருசமெல்லாம் நா செத்துப் போன மாதிரி வச்சிட்ட நீ."

போனை ராதிகாவிடம் கொடுத்துவிட்டு, திரையாகக் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து மடித்தாள். ராதிகா எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே போனாள். படத்தை அழித்தாளா இல்லையா என்று சகாயம் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்வதை நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பழக்க தோஷத்தில் அவர் கை பூட்டைத் தேடியது. ஆணியில் பூட்டு இல்லை. இசபெல்லா எங்கேயோ எடுத்து வைத்துவிட்டிருந்தாள். திறப்புக்கு வந்து கையை உயர்த்தினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, மெஷின் நிற்கவில்லை. வெளியே ராதிகா பையோடு வந்து கல்லின் மேல் ஏறுவது தெரிந்தது. சகாயம் கொஞ்ச நேரம் நடுவீட்டில் நின்றார். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஆபிரகாம் கொடுத்த சாவியையும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியே போனார்.

எட்டாம் நம்பர் பூட்டு ஒன்பது வருஷ மழையில் துருவேறியிருந்தது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சாவி பாதி போய் நின்றது.

"எடுக்கட்டா அங்கிள்?" என்று ராதிகா குழாயடியிலிருந்து கேட்டாள்.

"இரு, இதுவும் தெறக்கட்டும்."

"வண்டி போயிடும் அங்கிள்."

"இரும்மா, இரு" என்றார் திரும்பாமலே.

இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துத் திருக்கினார். லைனில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மாரிகுப்பத்தில் வண்டி ஊதியது. ராதிகா கல்லை விட்டு இறங்கவில்லை. பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் இசபெல்லாவின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.