இடப்பக்கச் சீற்

யாக்கோப்புக்கு விலா இன்னும் நொந்துகொண்டிருந்தது. இருமினால் உயிர் போய்த்தான் வரும். மீன்பெட்டி தூக்கித் தூக்கித் தேய்ந்த உடம்பு, நோவு அதற்குப் புதிதில்லை. ஆனால் ஸ்ரேறிங் வளையம் நெஞ்சில் இடித்த இந்த நோவு, நாற்பது நாளாகியும் அவனை ஒருபக்கம் சரிந்து படுக்க விடவில்லை.

முல்லைத்தீவுக் கரையில், அவன் வீட்டு வேலியோரம் லொறி நின்றது. முரசுமோட்டையில் மரத்தோடு மோதினதை உழவு மெசினால் கட்டியிழுத்து வந்து விட்டபடி நின்றது. இடப்பக்கக் கதவு சீற்றுக்குள் புகுந்து கிடந்தது. அந்தச் சீற்றில்தான் அவன் பெண்சாதி புனிதம் இருந்தவள். மீனோடு கிளிநொச்சிக்குப் போய் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிக்கொண்டு வருவோம் என்று ஏறினவள். வழியிலேயே முடிந்துபோனாள். சீற்றில் அவளுடைய இரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அதை அவன் கழுவவில்லை. லொறியின் கடுதாசியெல்லாம் வவுனியா மீன் வியாபாரி மஹ்றூபின் பெயரில். ஓடுவது யாக்கோப்பு, உழைக்கிற காசு பாதிப் பாதி. காப்புறுதிக்காரர் வந்து பார்க்கும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம், உள்ளபடியே கிடக்கட்டும் என்று மஹ்றூப் ரெலிபோனில் சொல்லியிருந்தான். அந்தக் காசு வந்தால்தான் லொறி திருந்தும். லொறி ஓடினால்தான் அடுப்பெரியும். இனிமேல் கரையில் மீன்வாடியில் பாரம் தூக்க விலா விடாது. ஆகவே யாக்கோப்பு ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்தான். ஈ மொய்த்தபோது தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினான்.

புனிதத்தின் தங்கச்சி நிறஞ்சனா சமைத்துப்போட வந்து நின்றாள். முதல் கிழமை அதைக் கழுவச் சொல்லிக் கெஞ்சினாள். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையன்று சண்டை பிடித்தாள்.

"அக்காவின்ர இரத்தத்தை முத்தத்தில வைச்சுக்கொண்டு என்ன பூசை அத்தான்?"

"கை வைச்சால் காசில்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள் பிள்ளை."

"ஸ்ரேறிங் இறுகினதுக்கு நீங்கள் என்ன செய்யிறது? அதை நான் கேக்கேல்லை. கழுவுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

ஸ்ரேறிங் இறுகிப்போச்சு என்று செத்தவீட்டில் சொன்னவன் அவன்தான். எல்லாரும் நம்பினார்கள்.

நாற்பத்தோராம் நாள் மஹ்றூப், சேதம் மதிப்பிடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சண்டை நின்று பாதை திறந்த காலம்தான். ஆனாலும் ஓமந்தையில் ஆமி, இயக்கம் இரண்டு பக்கச் சோதனைக்கும் இறங்கி ஏறியதில் அந்த மனிதருக்கு முகம் கடுத்திருந்தது. லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"மீன் லொறியில மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றான் மஹ்றூப். யாக்கோப்பு படங்கை விலக்கினான். மஹ்றூப் ஓரடி பின்னால் போனான்.

"இதை ஏன் கழுவேல்லை?" என்று கேட்டார் மதிப்பிட வந்தவர்.

"கை வைக்க வேண்டாமெண்டு சொன்னது..."

"அது தகரத்துக்கும் எஞ்சினுக்கும் சொன்னது ஐயா. இதைக் கழுவினதுக்கு ஆர் என்ன கேக்கப்போறது?"

யாக்கோப்பு மஹ்றூபைப் பார்த்தான். "நான் இத நினைக்கவேயில்ல அண்ணன்" என்று மஹ்றூப் நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

மதிப்பிட வந்தவர் படம் எடுத்தார். சாரதிப் பக்கத்தால் ஏறி ஸ்ரேறிங்கைச் சுழற்றினார். நிறஞ்சனா தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"எப்பிடி நடந்தது?" என்று அவர் யாக்கோப்பைக் கேட்டார்.

"ஸ்ரேறிங் இறுகினது."

"நல்லாத்தானே சுத்துது. இறுகினதெண்டால் பராமரிப்புக் குறையெண்டு எழுதவேணும். அதுக்குக் காசு வராது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யாக்கோப்பு இருமினான். விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிறஞ்சனா இருக்கிற பக்கம் அவன் திரும்பவில்லை.

"எருமை குறுக்க வந்தது. இடப்பக்கம் வெட்டினனான். முன்னால மரம்."

"பிறகு?"

"ஸ்ரேறிங்கை வலப்பக்கம் உடைச்சுத் திருப்பினனான்."

"அதுதான் பாத்தன். சாரதிப் பக்கம் ஒரு கீறலும் இல்லை. இது சரி, இதுக்குக் காசு வரும்." எழுதிக் கையெழுத்து வாங்கினார். வாகனத்துக்கு மட்டும்தான், உள்ளே இருந்த ஆளுக்கு இதில் ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்லிவிட்டு ஏறிப்போனார்கள். தேத்தண்ணியை ஒருத்தரும் தொடவில்லை.

நிறஞ்சனா கிணற்றில் அள்ளி வந்தாள். சவுக்காரமும் தேங்காய்ப் பொச்சும் எடுத்து, சாரதிப் பக்கத்தால் உள்ளே ஏறித் தேய்த்தாள். யாக்கோப்பு வாளியைத் தூக்கப் போனான்.

"நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

முதலில் கறுப்பாயும் பிறகு சிவப்பாயும் தண்ணீர் வழிந்து மணலில் இறங்கியது. அவள் தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அக்கா இருந்த பக்கத்தை ஏன் அத்தான் மரத்துக்குக் குடுத்தனீங்கள்?"

மூன்று மாதத்தில் காசு வந்தது. கதவு மாற்றி, சீற் மாற்றி, லொறி திரும்பவும் கிளிநொச்சிக்கு ஓடுகிறது. மஹ்றூபின் பங்கு, கராச்சுக்காரன் கூலி, உழவு மெசின்காரன் காசு எல்லாம் தீர்ந்துவிட்டது. நிறஞ்சனாவுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கடன். அதை யாக்கோப்பு இன்னும் குடுக்கவில்லை.