மாமன் மடி

தங்கை மகளின் காதுகுத்துக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போனது குணாவின் வயிற்றால்தான். தங்கை அகிலா வாக்கப்பட்டது அந்தமானின் பாராடாங் தீவில். குணா இருக்கும் போர்ட் பிளேரிலிருந்து அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் போகிறது. போலீஸ் காவலோடு வண்டிகள் கான்வாயாகப் போகும். நடுவில் யாருக்காகவும் நிற்காது. வயிற்றை நம்ப முடியாதவன் அதில் எப்படி ஏறுவான்?

எல்லாம் வண்டூர் கடற்கரை பிக்னிக்கில் வெயிலில் கிடந்த இறால் பிரியாணி பண்ணிய வேலை. கூடச் சாப்பிட்டவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள். குணாவுக்கு மட்டும் மாதக்கணக்காக இழுத்தது.

"கிருமி போயாச்சு, டெஸ்ட் எல்லாம் சுத்தம். குடல்தான் இன்னும் மிரண்டு கிடக்கு. சரியாக நாளாகும், பட்டினி மட்டும் போடாதீங்க" என்றார் டாக்டர். கேட்டால்தானே! வெளியே கிளம்பும் நாளெல்லாம் வெறும் வயிற்றில் பாலில்லாத லால் சாய்தான். அது உள்ளே போய் இன்னும் கலக்கும்.

மூன்றாம் முறை அகிலா போனில் கறாராகச் சொன்னாள். "அண்ணா, உன் மடியில வச்சுத்தான் என் பொண்ணுக்குக் காது குத்துவேன். இல்லன்னா மூளிக் காதோடவே காலேஜ் போகட்டும்."

அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு இருப்பது இந்த ஒரு அண்ணன். குணாவுக்குச் சுருக்கென்றது. விடியலில் மனைவி விஜயலட்சுமி குழைத்து வைத்த தயிர்சோற்றைப் பயந்துகொண்டே தின்றுவிட்டு, அவளோடு பஸ் ஏறினான்.

செக்போஸ்ட்டில் டிரைவர் கத்தினார்: "பீச்மே ருகேகா நஹி! நடுவுல நிக்காது, வேலையெல்லாம் இங்கேயே முடிச்சுக்கோங்க!" குணா இரண்டு தடவை போய் வந்தான்.

பாதிக் காட்டில் வயிறு கடமுடவென்றது. முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தான். முருகா, மானத்தைக் காப்பாத்து! மறுபடி உறுமியது. வலி இல்லை, முடுக்கல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கிற்று: இது பசி! பழைய சிநேகிதனை அடையாளம் தெரியாமல் மிரண்டிருக்கிறான். படகுத்துறையில் இறங்கியதும் கால் கழிவறைப் பக்கம் போகவில்லை, வாழைப்பழக் கடைக்குப் போனது.

பாராடாங்கில், குணாவின் புதுப் பட்டு வேட்டி மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். ஊசி காதில் ஏறியதுதான் தாமதம், வீறிட்ட வேகத்தில் அது வேட்டி முழுக்கப் போய்வைத்தது.

"ஐயோ அண்ணா!" என்று அகிலா பதறி ஓடிவந்தாள்.

"விடும்மா, இங்க என்ன கான்வாயா? நிம்மதியாப் போகட்டும்" என்று குழந்தையை அணைத்துக்கொண்டான் குணா. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒரு வேட்டி குடு. அப்படியே இலையும் போடு. பசிக்குது."