தீட்டுக் கழித்த வண்டி

பழைய குற்றாலத்தில் வெள்ளம் என்று அன்றைக்குக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். போடாமல் இருந்திருந்தால் எல்லோரும் ஈரத் துணியோடு வீடு போய்ச் சேர்ந்திருப்போம். விஸ்வநாதன் அண்ணாச்சிக்கு ஆரியங்காவு வரைக்கும் வரிசையாக வண்டி ஓட்டிப் போகும் யோசனை வந்திருக்காது.

நாங்கள் என்றால் கீரிப் படை. கோயம்புத்தூரில் நொய்யல் மோட்டார்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. அது செய்கிற, ஜீப் மாதிரியான குட்டி வண்டியின் பெயர் கீரி. தென்காசிப் பக்கம் கீரி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் கூடுவார்கள். அந்தக் குழுவில் வண்டி இல்லாத ஒரே ஆள் நான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு கங்கைகொண்டானில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அம்மா ஆலங்குளத்தில் இன்னும் பீடி சுற்றுகிறாள். கார் எல்லாம் இப்போதைக்கு இல்லை. ஆனால் எனக்குக் கார் பிடிக்கும். பிடிப்பதற்கு ஆர்.சி. புத்தகமா கேட்கிறார்கள்?

என்னைக் குழுவில் சேர்த்தது மெஹர் பானு. என்னோடு படித்தவள். கடையநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் அஃப்சல் தம்மாமில் இருக்கிறார். அவர் அனுப்பியதில் கீரி டூ வாங்கினாள், தானே ஓட்டப் பழகினாள். இப்போது நாலு வயசு ஜுஹைனாவைப் பின் சீட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு எங்கும் போய் வருகிறாள். அவள் தெருவில் கார் ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான்.

இந்தக் கீரி டூவில்தான் குழுவின் சண்டையே ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கெஸ்டோரா என்ற பெரிய வெளிநாட்டு நிறுவனம் நொய்யலின் பங்குகளை வாங்கியது. எவ்வளவு வாங்கியது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. தொழில்நுட்ப உதவிதான், கம்பெனி நம்முடையதுதான் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அதற்கப்புறம் கீரி டூ வந்தது. மேலே பார்த்தால் பழைய கீரி மாதிரியே இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் கெஸ்டோரா.

அண்ணாச்சியால் இதைப் பொறுக்க முடியவில்லை. அவருக்குத் தென்காசியில் பெரிய ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பழைய கீரியின் உதிரிபாகங்களை வாங்கிக் குவித்து வைத்திருக்கிறார். கீரி டூ வாங்கியவர்களைக் கூப்பிட்டு, கெஸ்டோரா முத்திரை இருக்கிற எதையும் கழற்றிவிட்டுப் பழைய நொய்யல் சாமானை மாட்டிவிடுவார். ஹாரன், வைப்பர், சக்கர மூடி என்று ஆரம்பித்தது. இதற்குக் குழுவில் வைத்திருந்த பெயர் தீட்டுக் கழித்தல். விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல் வேண்டாம் என்று ஒரு தடவை எழுதினேன். சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். வண்டிக்குத்தானே சொன்னோம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் பழகின வாய் என்று நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மெஹர் என்னைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டபோது வண்டியின் மூக்கில் ஒரு கொடி கட்டியிருந்தது.

"நேத்து சாயந்திரம் அண்ணாச்சி முழுசாத் தீட்டுக் கழிச்சிட்டாரு. இன்னிக்கு நாந்தான் முன்னால போணும்னு சொல்லிட்டாரு," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

பழைய குற்றாலத்தில் வண்டிகளை நிறுத்தும் இடத்தில் மழைத்தண்ணீர் அரித்த ஒரு வாய்க்கால் இருக்கிறது. மெஹர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து நிறுத்தினாள். முன் இடது சக்கரம் வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டு நின்றது. அவள் பிள்ளைக்கு பஜ்ஜி வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். எனக்கு வண்டியின் அடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. குனிந்தேன்.

பிரேக் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

பிரேக் எண்ணெய் சக்கரத்துக்குப் போவது அந்த ரப்பர்க் குழாய் வழியாகத்தான். சக்கரம் திரும்புகிற பக்கம் திரும்பி, இறங்குகிற அளவுக்கு இறங்க, அது தொளதொளவென்று கிடக்க வேண்டும். இதில் நொய்யல் என்று தமிழில் எழுத்து. பழைய கீரியின் ஹோஸ். பழைய வண்டியில் சக்கரம் இவ்வளவு கீழே இறங்காது, அதனால் அதற்குக் குட்டையான ஹோஸ் போதும். இரண்டு வண்டிக்கும் நட்டும் மறையும் ஒன்றுதான், மாட்டினால் உட்கார்ந்துவிடும். சக்கரத்தை நேராக வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆரியங்காவு போகிற வழியில் புளியரை எஸ் வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் தெரியும்.

அண்ணாச்சி அன்னாசிப்பழம் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாய்கிருஷ்ணன். பெங்களூர் கம்பெனி வேலையை தென்காசியில் வீட்டிலிருந்தே பார்க்கிறவன். பழைய கீரி வைத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, மெஹர் வண்டியில பிரேக் ஹோஸ மாத்துனீங்களா?"

"ஆமா. ரெண்டு பக்கமும். டயரத் திருப்புனா கெஸ்டோரான்னு எழுத்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கி. பாக்கச் சகிக்கல."

"அது கட்டை. இழுக்குது. வந்து பாருங்க."

"ஏம்மா, அளவு சரியா உக்காந்துச்சு. நானே மாட்டுனேன்."

"நேரா வச்சு மாட்டியிருப்பீங்க. ஒடிச்சுப் பாத்தீங்களா?"

அவர் கத்தியைப் பழத்திலேயே செருகி வைத்தார். "நீ எங்க வேல பாக்க?"

"எங்க வேல பாத்தா என்ன?"

"சொல்லு. எல்லாரும் கேக்கட்டும். உங்க ஃபேக்டரி யாருக்குச் சாமான் சப்ளை பண்ணுது?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "கெஸ்டோராவுக்கும் பண்ணுது," என்றேன்.

"அப்ப கெஸ்டோரா சாமானக் கழட்டுனா உனக்கு எரியத்தான செய்யும்."

"எனக்கு என்ன கமிஷனா தாரான்? ஹோஸ் கட்டைன்னா கட்டைதான், யாரு செஞ்சா என்ன?"

"யாரு செஞ்சாங்கறதுதாம்மா விஷயம்," என்றார். அவர் குரல் ஏறவில்லை, அதிலேயே எனக்குக் கோபம் ஏறியது. "நம்ம ஊர்க்காரன் தகரம் அடிச்சு, வெல்டிங் வச்சு, ஒரு வண்டிய உண்டாக்குனான். அத ஒருத்தன் பணத்தக் காட்டி முழுங்கப் பாக்கான். அம்பத்தோரு சதமானம் பங்கு இன்னும் அவன் குடும்பத்துட்ட இருக்கு. நாம விட்டுக்குடுத்தா அதுவும் போயிரும். கலப்படம் இல்லாம ஒரு வண்டியாவது ரோட்டுல ஓடணும்."

"அம்பத்தோரு சதமானம் பேப்பர்ல இருக்கு. அடியில படுத்துப் பாருங்க, அச்சு யாருது, ஸ்பிரிங் யாருது?"

சாய் நடுவில் வந்தான். "ஜெபா, வண்டியோட பிளாட்ஃபார்ம, அதாவது அடிப்பாகத்த, ஷேர் பண்ணிக்கறது உலகம் முழுக்க நடக்கறதுதான். அச்சு அவங்களுதா இருக்கலாம். டிசைன் கோயம்புத்தூர்ல பண்ணது. அதோட ஆன்மா நொய்யல்தானே?"

"ஆன்மா பிரேக் பிடிக்குமா?"

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "வண்டி வாங்க வக்கில்லாதவங்களையும் நம்ம குரூப்ல சேத்தோம்லா, நம்மளச் சொல்லணும்," என்றார்.

அதற்கப்புறம் நான் ஹோஸை விட்டுவிட்டேன். கம்பெனிக்குப் போய்விட்டேன். பங்கு யார் கையில், என்ஜின் வரைபடம் யார் கையில், கெஸ்டோரா நாளைக்குக் கடையைச் சாத்தினால் நொய்யலால் ஒரு வண்டி செய்ய முடியுமா என்று அவரைக் கேட்டேன். அவர் என் தொழிற்சாலையை இழுத்தார். கலப்பு, சுத்தம், நம்ம ரத்தம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கலப்பு வண்டியில் கலப்புச் சாமான்தான் நிற்கும் என்று கத்தினேன். எதிர்க்கடையில் மெஹர் பிள்ளைக்கு பஜ்ஜியைப் பிய்த்து ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தம் அவளுக்குப் பழகிப்போன சத்தம். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"பேசுனது போதும். கெளம்புங்க. மெஹரு, நீதான் முன்னால," என்று அண்ணாச்சி கை தட்டினார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. மெஹர் ஓடிவந்து பின் கதவைத் திறந்து ஜுஹைனாவுக்கு பெல்ட் மாட்டினாள். பிள்ளை கையில் மிச்ச பஜ்ஜி.

அன்றைக்கே அந்த ஹோஸ் அறுந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பத்துத் தடவை போய் வந்திருக்கலாம். பதினோராவது தடவை எந்த வளைவில் என்று எவராலும் சொல்ல முடியாது. பழத்தில் செருகியிருந்த கத்தியை உருவினேன். இடது சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். விறைத்து நின்ற ஹோஸை ரம்பம் மாதிரி இழுத்து அறுத்தேன். ரப்பருக்குள் நூல் நூலாகப் பின்னியிருந்தது. அதுவும் அறுந்ததும் பிரேக் எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்து வாய்க்காலில் சொட்டியது.

"என்னட்டி செய்த?" மெஹர் மேலே நின்றாள்.

"இந்த வண்டி மலைக்குப் போகாது."

அண்ணாச்சி வந்தார். "பாத்தீங்களா, கம்பெனி புத்திய. சொந்தத் தோழி வண்டின்னுகூடப் பாக்கல," என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பிறகு குனிந்தார். அறுந்ததைப் பார்க்கவில்லை. வலது பக்கம் சுற்றிப் போய் அந்தச் சக்கரத்தின் உள்ளே கையை விட்டு, ஹோஸில் இழுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். தன் வண்டியில் ஏறிப் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். என் போன் அதிர்ந்தது. குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்.

நின்றது சாய் மட்டும். அவன் வண்டியில் சாவி போட்டு வைத்திருந்தான், கிளம்பவில்லை.

நான் மெஹருக்கு ஹோஸைக் காட்டினேன். எந்த நிலையில் எவ்வளவு இழுக்கும் என்று சொன்னேன். அவள் குனிந்து அறுந்த நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத எப்பப் பாத்த?"

"நீ கடைக்குப் போனப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணாச்சிட்ட சொன்னேம்லா. அந்த ஆளு..."

"வண்டி அண்ணாச்சிதா?"

அவள் எதிர்க்கடையைக் கை காட்டினாள்.

"கடை எதிர்த்தாப்புல இருக்கு. நாலு எட்டு. வந்து, ஏட்டி, ஹோஸு கட்டையா இருக்கு, வண்டிய எடுக்காதன்னு சொன்னா நான் எடுப்பனா? எம்பிள்ள உள்ள உக்காந்திருக்கா. ரெண்டு பேரும் கம்பெனி யாருதுன்னு தொண்ட கிழியச் சண்ட போட்டீங்க. என்னைய ஒருத்தராவது கேட்டீங்களா?" கத்தியைக் காட்டினாள். "இப்ப கத்தி வேற."

கோபம் எனக்குத் தீரவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்றுதான் தெரியவில்லை.

"நீ அறுத்தேல்லா, நீயே மாட்டிக் குடு," என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை நிழலுக்குப் போனாள்.

சாய் என்னைத் தென்காசிக்குக் கூட்டிப் போனான். சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது. எங்கே என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே அவன் திருநெல்வேலி ரோட்டில் கெஸ்டோரா ஷோரூமுக்கு முன்னால் நிறுத்தினான். உதிரிபாகக் கவுண்டரில் இருந்த பையன், கீரி டூ முன் பிரேக் ஹோஸ் என்றதும் எந்த மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. "எங்க வண்டிக்கும் அதுக்கும் ஒண்ணுதான்," என்று கெஸ்டோரா பெட்டி இரண்டை எடுத்து வைத்தான். பிரேக் எண்ணெய் ஒரு டப்பா. சாயைப் பார்த்து, "சார் போன மாசம் வாங்குன கிளட்ச் கேபிள் சரியா இருக்கா?" என்றான்.

வண்டியில் ஏறினதும் கேட்டேன். "உன் வண்டி பழசுல்லா. அதுக்குமா இங்க வாங்குத?"

"பழசுக்கும் இப்ப அவங்கதான் சாமான் அனுப்பறாங்க. வேற எங்கயும் கிடைக்கல."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் ஆன்மா ஆன்மான்னு சொன்னியா?"

"குரூப்ல சொன்னா குரூப்பே இருக்காது, ஜெபா."

"இருக்காட்டா என்ன?"

அவன் வண்டியைக் கிளப்பினான். வண்டியில் கருவிப்பெட்டி இருக்கிறது, எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னான்.

பழைய குற்றாலத்துக்குத் திரும்பி வந்து இரண்டு பக்கமும் புது ஹோஸ் மாட்டினேன். மாட்டினால் முடியாது, குழாயில் ஏறிய காற்றை எடுக்க வேண்டும். அதை ஒரு ஆளால் செய்ய முடியாது. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் கீழே கிடந்து சக்கரத்தில் உள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். நான் சாயைக் கூப்பிடப் போனேன். அதற்குள் மெஹர் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அமுக்கு," என்றேன்.

அமுக்கினாள்.

"பிடி." நிப்பிளைத் திறந்தேன். குமிழி குமிழியாக எண்ணெய் வந்தது. மூடினேன். "விடு."

அமுக்கு, பிடி, விடு. மழைத்தண்ணீர் என் முதுகுக்கு அடியில் ஓடியது. குமிழி நின்றபோது, "கெட்டியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஹோஸில் தளர்வு இருந்தது, என் விரல் தாராளமாகப் போனது. எழுந்து நின்றேன்.

மெஹர் இறங்கிப் போய் ஜுஹைனாவைத் தூக்கி வந்தாள். பின் சீட்டில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல நான் மட்டும் எறக்கத்துல ஓட்டிப் பாக்கேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாம். பிள்ளையப் பிடி."

வண்டி இறக்கத்தில் மெதுவாகப் போனது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது. மறுபடி நகர்ந்தது. இன்னும் வேகம் எடுத்தது, மறுபடி விளக்கு.

"உம்மா என்ன செய்தா?" என்றாள் ஜுஹைனா.

"பிரேக் பிடிச்சுப் பாக்கா."

"பிடிக்கா?"

"பிடிக்குது."

மூன்றாவது தடவை அவள் வளைவு வரை விட்டாள். அங்கே ஸ்டியரிங்கை ஒடித்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்படி ஓரமாகப் போய், பெடலை ஓங்கி மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது. வண்டி நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது. பிள்ளை என் இடுப்பில் கனத்தாள். நான் அவளை இறக்கி விடவில்லை.