பேர் மாறிய முழங்கை

நெஃப்தலிக்கு அந்த பேஸ்பால் பயிற்சி மைதானத்தில் 'இரும்பு' என்று பேர். நாளெல்லாம் பந்து எறிந்தாலும் கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான். வலி இல்லாமல் இல்லை. ஜனவரியிலிருந்தே வலது முழங்கைக்குள் நெருப்பாக எரிந்தது; பல் தேய்ப்பதைக்கூட இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலிக்கிறது என்று வாய் திறந்த பையன்களைக் கோச் கிறிஸ்பின் மறுநாளே பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பியதை அவன் பார்த்திருக்கிறான்.

எவுதிஸுக்கு மட்டும் சலுகை. அவன் பந்து தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் போகும். அமெரிக்க அணி ஒன்று அவனை எடுக்கச் சம்மதித்துவிட்டது. தலைநகரில் முழங்கை ஸ்கேன் ஒன்றுதான் பாக்கி. அதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் வாழைக்காய் மசியலைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னான்:

"கோச், முழங்கை குத்துது."

"நாசமாப் போறவனே, இன்னிக்குத்தான் குத்தணுமா?" கோச்சின் பார்வை மேசையைச் சுற்றி வந்து நெஃப்தலியிடம் நின்றது. "இரும்பு, நீ போ. இவன் பிறப்புச் சான்றிதழ எடுத்துக்க. எவுதிஸ்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போய்ப் படு. உன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்?"

எவுதிஸ் அவனைக் கட்டிக்கொண்டான். "உன் கைய நம்பித்தான்டா எங்கம்மா கூரை மாத்தப் போறா."

தன் கையும் வலிக்கிறது என்று நெஃப்தலி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பஸ்தான். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது, படத்தில் ஒன்றும் தெரியாது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். தெரிந்தால் எவுதிஸின் இடம் காலியாகும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு கசக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அணி கைவிரித்துவிட்டது. முழங்கையில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். கோச்சுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதை, கத்தவும் வழியில்லை. இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"எப்பலேருந்துடா?"

"ஜனவரிலேருந்து, கோச்."

கோச் சிரித்தார். அடித்திருந்தால் தேவலை. "கிழிஞ்சது உன் கை. கெட்டது இவன் பேரு."

"வேற டீமுக்கு என் கையவே காட்டுறேன், கோச்," என்றான் எவுதிஸ்.

"காட்டு. அப்ப மொதல்ல படுத்தது எவன்னு கேப்பான். மூணு பேருக்கும் தடை வரும்." பிறகு நெஃப்தலி பக்கம் திரும்பினார். "உன் பேரு இன்னும் சுத்தமாத்தான் இருக்கு. வியாழக்கிழமை வேற டீம் ஆளு வர்றாரு. நீ எறி. ஸ்கேனுக்கு இவன் போவான்."

நெஃப்தலியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எவுதிஸ் முழங்கையை மடக்கி நீட்டினான். "போறேன் கோச். நாலு நாள் சும்மா இருந்ததுல வலி சுத்தமாப் போயிடுச்சு."

வியாழக்கிழமை நெஃப்தலி நான்கு வலி மாத்திரை விழுங்கிவிட்டு வந்தான். முகமூடி மாட்டிக்கொண்டு எதிரே பந்து பிடிக்க நானே உட்காருகிறேன் என்று எவுதிஸ் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் பந்து தொண்ணூறு. அடுத்தது தொண்ணூற்றொன்று. ஏழாவது பந்தில் முழங்கைக்குள் ஈரத்துணி கிழிவது போல என்னவோ அறுந்தது. விரல்கள் மரத்துப்போயின.

வேகமானியில் தொண்ணூற்று நான்கு. டீமிலிருந்து வந்தவர் சீட்டியடித்தார், கோச் கை தட்டினார்.

"இன்னொண்ணு பாக்கலாமா?" என்றார் வந்தவர்.

கோச் நெஃப்தலியின் தொங்கும் கையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பார்வையை மெல்லக் கரும்புக்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எவுதிஸ் பந்தை அவன் கையுறைக்குள் விழும்படி பதமாகத் தூக்கிப் போட்டான். முகமூடியைக்கூடக் கழற்றாமல் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"போடுடா இரும்பு! உனக்கென்ன, வலிக்கவா போவுது?"