மற்றப் பிள்ளைகள்

புதிதாக வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேதபாடத்தைச் சிங்களத்தில் சொல்லும்படி போதகர் தர்மராஜா கேட்டார். நேசம்மா டீச்சர் சரியென்று எழுந்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனாள். கிட்டப் போன பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, கழற்றிய செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தவள் சோமாவதி. சந்தனவின் அம்மா. அப்படியே திரும்பிவிடலாமா என்று நேசம்மாவின் கால்கள் தயங்கின. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

அது எண்பத்தொன்பதாம் வருஷத்து மார்கழி. கிறிஸ்மசுக்கு முந்திய வாரங்களில் வழக்கமாக மாலையில் சபை வீட்டில் நடக்கும் வேதபாடத்தை அந்த வருஷம் பிற்பகலுக்கு மாற்றியிருந்தார்கள். இருட்டுவதற்குள் மாத்தளை டவுனில் எல்லாக் கதவையும் சாத்திவிடுவார்கள். வீடுவீடாகப் போய்ப் பாடுவதையும் நிறுத்தியாயிற்று. பஸ்ஸில் வருகிறவர்கள் பாதையோரத்தில் ஆட்களை டயரில் போட்டு எரித்த கறுப்பைக் கண்டால் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நம்பர் இல்லாத வேன்கள் வந்து நிற்கும். அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பியவர்கள் என்று சிங்கள இளந்தாரிப் பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்கள் எங்கே என்று கேட்க ஓர் இடமும் இல்லை. தாய்மார் அரசமரத்துக்குப் போனார்கள், முத்துமாரியம்மனுக்கு நேர்ந்தார்கள், பள்ளிவாசலில் கொடி கட்டினார்கள். சோமாவதியும் எல்லா இடமும் போய்விட்டுத்தான் இங்கே வந்திருந்தாள். தர்மராஜா ஐயா இரண்டொரு தாய்மாரோடு ராணுவ முகாம் வாசல் வரைக்கும் போனார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சந்தனவைப் பல்லேபொலையில் அவன் சித்தி வீட்டில் வைத்துப் பிடித்ததாக நேசம்மா ஐப்பசியிலேயே கேள்விப்பட்டிருந்தாள். பக்கத்து வீட்டு றமீஸா மதிலுக்கு மேலால் சொன்னபோது, இவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பிடியா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, "நீர் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர், ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசித்தது.

எண்பத்துமூன்று கலவரத்தில் மற்றத் தமிழர் கடைகளோடு அவள் புருஷன் ஞானசுந்தரத்தின் போட்டோ ஸ்டூடியோவை எரித்தார்கள். ஸ்டூடியோ முன்னால், வீடு பின்னால். றமீஸா ஓடிவந்து நேசம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டு மாடியில் விட்டுப் பூட்டினாள். ஞானசுந்தரம் கேமராவை எடுத்துவருகிறேன் என்று திரும்பி ஓடினார். கூரை இறங்கிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்ச்சேர்ந்தார். மாடி ஜன்னலின் உடைந்த சட்டம் வழியாக அவள் பார்த்தாள். கூட்டத்தில் பலரைத் தெரியாது. தெரிந்த ஒரே முகம் சந்தனவுடையது. பின்தெருப் பையன், மீசை முளைக்காத வயது. கையில் மண்ணெண்ணெய் டின்னோடு ஜன்னலுக்கு நேர் கீழே நின்றான். நிமிர்ந்து பார்த்தபோது நெருப்பு அவன் முகத்தில் முழுக்க விழுந்தது. அந்த முகத்தைத்தான் நேசம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்தாள்.

முதல் வாரம் தேவதூதன் மரியாளிடம் வந்த பகுதி. நேசம்மா வகுப்பில் சொல்வதுபோல ஒரே குரலில், சோமாவதியின் முகத்தைப் பாராமல், சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் சத்திரத்தில் இடமில்லாமற்போனதை வாசித்தார்கள். சோமாவதி மெல்லக் கேட்டாள்.

"அந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையா, டீச்சர்?"

"இருந்திருப்பாங்க."

"பிள்ளை பெறப்போற பொம்பளைக்கு ஒருத்தரும் ஓர் அறை குடுக்கலையா?"

சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்து, மற்றவர்களுக்கும் படிப்பித்த கதை. இப்படி ஒரு கேள்வி நேசம்மாவுக்கு வந்ததில்லை. றமீஸா வீட்டு மாடி ஞாபகத்துக்கு வந்தது. "இல்ல, குடுக்கல" என்றாள்.

மூன்றாம் வாரம் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள். ஏரோது ராஜா அவர்களை அழைத்துப் பிள்ளையைப் பற்றி விசாரித்தது, அவர்கள் வேறு வழியாய்த் திரும்பிப் போனது, யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பிப் போனது. அந்த இடத்தில் போதகர் வேதாகமத்தை மூடினார். எல்லா வருஷமும் அங்கேதான் முடிப்பார்கள். பாட்டு எடுத்துக்கொடுக்கும் நல்லையா அண்ணன் புத்தகத்தை விரித்துவிட்டார்.

சோமாவதி நேசம்மாவின் பக்கம் சாய்ந்தாள். "ராஜா தேடினானே, டீச்சர். இந்தப் பிள்ளை தப்பிருச்சு. மத்தப் பிள்ளைங்க?"

நேசம்மா போதகரைப் பார்த்தாள்.

"என்ன கேக்கிறாங்க?" என்றார் போதகர்.

"மத்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கிறாங்க, ஐயா."

நல்லையா கண்ணாடியைக் கழற்றினார். "அது கிறிஸ்மசுக்கு வாசிக்கிற பகுதி இல்லீங்களே, ஐயா. இந்த நேரத்துல, இந்தம்மாவை வச்சுக்கிட்டு..."

தர்மராஜா இளவயதுக்காரர். இந்த ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மூடிய வேதாகமத்தைத் திரும்பத் திறந்தார். "அதே அதிகாரத்துலதான் இருக்கு, அண்ணன். நாமதான் தாண்டிப் போறோம்" என்றார். பிறகு, "நீங்களே வாசிங்க, டீச்சர். வாசிச்சு அவங்களுக்குச் சொல்லுங்க."

நேசம்மா வாசித்தாள். பெத்லகேமிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த சின்ன ஆண்பிள்ளைகளை எல்லாம் ராஜா ஆள் அனுப்பிக் கொல்லுவித்தான். அழுகையும் புலம்பலும் கேட்டது. ராகேல் என்கிற தாய் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். பிள்ளைகள் இல்லாதபடியால் அவள் ஆறுதல் அடைய மாட்டேன் என்கிறாள்.

தமிழில் வாசித்து முடிக்கும்வரை குரல் நன்றாகத்தான் இருந்தது. கலவரத்துக்குப் பிறகு இந்த வசனம் அவளுடைய வசனமாகவே ஆகிவிட்டிருந்தது. பிள்ளை பெறாதவள் என்றாலும் ராகேல் தானேதான் என்று நினைத்துக்கொள்வாள். ராஜாவின் ஆட்களுக்கு அவள் மனதில் ஒரு பையனின் முகம் இருந்தது. இப்போது அதே வசனத்தைச் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், அதை யாருக்குச் சொல்லப்போகிறோம் என்பது அவள் நெஞ்சில் இடித்தது. அந்த வசனம் யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்றும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தான் ஆண்டவருக்குச் சொன்ன நன்றி நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சோறு ருசித்ததும்கூட. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிச் சொன்னாள். 'இல்லை' என்பதற்குச் சிங்களத்திலும் சின்னச் சொல்தான். அதைச் சொன்னதும் சோமாவதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இல்லைன்னு சொல்லாதீங்க, டீச்சர். அந்த அம்மாமாருக்குப் பிள்ளைங்க உடம்பாவது கெடச்சிச்சு. எனக்குத் தெரியாதே."

"நான் சொல்லல. இதுல எழுதியிருக்கு."

சோமாவதி கையை விடவில்லை. "அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆளுங்க வந்தாங்களா?"

"வந்திருப்பாங்க. அவ கேக்கல."

"நல்லது" என்றாள் சோமாவதி. "கேக்காம இருந்தது நல்லது."

நேசம்மா அதைத் தமிழில் சொன்னாள். அன்றைக்குப் பாடவில்லை. போதகர் ஜெபம் பண்ண எழுந்து நின்றார், "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே தூறல். சோமாவதி மதில் ஓரத்தில் காத்திருந்தாள்.

"முகாம்ல போட்டோ கொண்டுவரச் சொல்றாங்க, டீச்சர். அவன் கொஞ்சம் வளந்தப்புறம் எடுத்தது ஒண்ணுதான். உங்க வீட்டு மஹத்தயா ஸ்டூடியோவிலதான் எடுத்தோம். வீட்ல இருந்ததை அவனைத் தேடி வந்தவங்க அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. நெகட்டிவ் வந்து..." அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

நேசம்மா குடையை விரித்தாள். கம்பி ஒன்று மாட்டவில்லை.

"அவன் அன்னைக்கு அங்க நின்னான்" என்றாள் சோமாவதி. "எனக்குத் தெரியும். கேட்டேன், வாயே தெறக்கல. சட்டையில மண்ணெண்ணெ வாசம் அடிச்சிச்சு. அந்தச் சட்டையை நான்தான் தொவச்சேன், டீச்சர். வாசம் போறவரைக்கும் தொவச்சேன்."

இத்தனை வருஷமும் டவுனில் எதிர்ப்பட்ட போதெல்லாம் இவள் ஏன் வழி மாறிப் போனாள் என்பது நேசம்மாவுக்கு அப்போது விளங்கியது. திட்ட வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் வாரம் சோமாவதி வரவில்லை. பக்கத்து இடம் காலியாக இருக்க, நேசம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயா சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கிறிஸ்மசுக்கு முதல்நாள் றமீஸா தேங்காய்ப்பால் வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன டீச்சர், கேக் கூடப் போடலையா?" என்றாள். "மனசு வரல, றமீஸா" என்றாள் நேசம்மா. றமீஸா போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கிறிஸ்மஸ் காலையில் ஆராதனைக்குக் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். ஐயா அந்த அதிகாரத்தை முழுவதுமாகவே வாசித்தார். நல்லையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும் எல்லோரும் தேத்தண்ணிக்கு நின்றார்கள். நேசம்மா நிற்காமல் பின்தெருவுக்கு நடந்தாள். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்தது கலவரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

சோமாவதி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்டதும் எழுந்தாள்.

"முகாமுக்குப் போவோம், வாங்க" என்றாள் நேசம்மா.

"இன்னைக்கு உங்க பெருநாள் இல்லையா, டீச்சர்?"

"ஆமா. செருப்பப் போடுங்க."

முகாம் வாசலில் கம்பி வேலியை ஒட்டிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிங்களப் பெண்கள்தான் அதிகம். நேசம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. ஆனாலும் சேலைக் கட்டைப் பார்த்துத் தமிழ்ப் பெண் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு போட்டோ. பிளாஸ்டிக் உறையில், கைக்குட்டையில், தினசரித் தாளில் சுற்றி. அவற்றில் சிலவற்றின் ஓரத்தில் ஞானசுந்தரத்தின் ஸ்டூடியோ முத்திரை இருந்ததை நேசம்மா கண்டாள்.

காவலுக்கு நின்ற சிப்பாய் சின்னப் பையன். முகத்தில் பரு. சோமாவதியின் முறை வந்ததும் கையை நீட்டினான்.

"போட்டோ?"

"இல்லை, மஹத்தயா."

"போட்டோ இல்லாம நான் எப்பிடி உள்ள போய்க் கேக்கிறது? ஆள் எப்பிடி இருப்பான்னாவது சொல்லுங்க."

சோமாவதி வாயைத் திறந்தாள். "மகே புத்தா... எம் மகன்... ஒசரம்..." நேசம்மாவின் பக்கம் திரும்பினாள். கண்ணில் பயம். "தவழ்ந்த வயசு முகம்தான் வருது, டீச்சர். வளந்த முகம் வரமாட்டேங்குது."

பின்னால் நின்ற பெண் நகரும்படி முழங்கையால் இடித்தாள். சிப்பாய் அடுத்த ஆளைப் பார்த்துவிட்டான். நேசம்மா கம்பிக்குக் கிட்டப் போனாள்.

"வலப்பக்கப் புருவத்தில வெட்டுத் தழும்பு இருக்கு" என்றாள் சிங்களத்தில். "அந்த இடத்துல மயிர் இல்ல. மேல்பல்லு ஒண்ணு இன்னொண்ணுக்கு மேல ஏறியிருக்கும்."

"நீங்க யாரு? சொந்தமா?"

"இல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"கிட்டத்துல பாத்திருக்கேன்."

சோமாவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூக்கு நேரா வந்து நுனியில கொஞ்சம் அகலும். இடது காதுக்குக் கீழ மச்சம். வாயைத் தொறந்தா ஒரு பக்கம் மட்டும் மேல ஏறும், சிரிச்சாலும் கத்தினாலும்." இத்தனை வருஷமும் அந்த முகம் அவளுக்குள் வெறுப்பில்தான் கிடந்தது, அதனால்தானோ என்னவோ ஒரு கோடுகூட அழியாமல் இருந்தது. "கண்ணு ரெண்டும் பெரிசு. பயந்த பிள்ளைக்கு இருக்கிற மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நேசம்மாவால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு நெருப்பில் பார்த்தபோது அது தெரிந்ததா, இப்போதுதான் தெரிகிறதா என்றும் சொல்ல முடியவில்லை.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சிப்பாய் திரும்பிப் போனான். நேசம்மா நிறுத்தவில்லை. தாடையைச் சொன்னாள், நெற்றியில் மயிர் இறங்கிய விதத்தைச் சொன்னாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணை மூடியிருந்த சோமாவதியின் விரல் எழுந்து, தன் முன்னால் வெறும் காற்றில், ஒரு பையனின் உயரத்துக்கு, அந்தப் புருவத்தை, அந்த மூக்கை, அந்த வாயின் ஓரத்தை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு போனது.